சரியான சில்லறை தரவும்

யவனர்கள் பிணத்தின் வாயில்
ஒரு காசு வைப்பார்களாம்,
நாக்குக்கு அடியில்.
செத்தவர்களை அக்கரை சேர்க்கும்
கிழப் படகோட்டிக்கு அது கூலி.
காசில்லாதவர்கள்
நூறு வருஷம் கரையிலேயே நிற்க வேண்டுமாம்.

மேலமாசி வீதி அச்சகத்துக்கு
நான் எழுதித் தரும் வினா-விடையில்
இது ஒரு மதிப்பெண் கேள்வி.
மெய்ப்புத் தாளை எடுத்துப் படித்த அப்பா
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:
"நாக்குக்கடியில வச்ச காச
எச்சியோடயா வாங்குவான்?"

அப்பா, சோணைமுத்து.
பெரியார் நிலையத்துக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவில்
முப்பத்தோரு வருஷம் நடத்துநர்.
புராணத்தில் அவருக்குச் சந்தேகமில்லை,
நிர்வாகத்தில்தான்.
"நூறு வருஷமா ஆளு நிக்கிற ஸ்டாப்புக்கு
ஒத்த வண்டியா?
சீட்டுக் கிழிக்கிறானா, இல்ல
வாங்கி மடியில போட்டுக்கிறானா?
செக்கிங் யாரு?"
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"மிளகு வாங்க இங்க வந்தவங்கதானே,
கணக்குல கெட்டியாத்தான் இருந்திருப்பாங்க.
அந்தக் கெழவன் மட்டும்
எப்படியோ தப்பிச்சிட்டான்."

அது வைகாசி.

ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும்
விடிகாலை மூன்றரைக்கு எழுந்துவிடுகிறவர்
ஆடி நாலாம் நாள் எழவில்லை.

சந்தனம் குழைத்து நெற்றியில்
ஒற்றை ரூபாயை ஒட்டினார்கள்.
அது நிற்கவில்லை.
சங்கு ஊதியபோது ஒருமுறை,
பெரியத்தை மேலே விழுந்து அழுதபோது ஒருமுறை
வழுக்கிக் காதோரம் வந்தது.
யார் யாரோ எடுத்து எடுத்து ஒட்டினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.
வாயில் அரிசி, நெற்றியில் காசு:
நாம் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கிறோம்,
அவ்வளவுதான்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பினோம்.
தத்தனேரியிலிருந்து
மொட்டைத் தலையோடு வந்த தம்பி தவசி
ஈர வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினான்.
"கரண்ட்ல உள்ள விடுறப்ப
உலோகம் எதுவும் கூடாதாம்க்கா."

அன்று இரவு முழுக்க
அவர் கரையில் நிற்பதையே பார்த்துக் கிடந்தேன்.
சில்லறை இல்லாத கீரைக்காரிகளை
"ஏறு, எறங்குறப்ப பாத்துக்கலாம்" என்று ஏற்றிவிட்டு
ராத்திரி கணக்கு முடிக்கையில்
சொந்தக் காசைப் போட்டவர்.
சந்தனம் காய்ந்த நெற்றியோடு,
கையில் ஒன்றுமில்லாமல்.

விடியும்போதுதான் உறைத்தது.
எந்த வண்டியில் ஏறினாலும்
அவர் பையைத் திறந்ததில்லை.
படியில் கால் வைக்கும்போதே
லேசாகக் கையைத் தூக்கி
ஒரே ஒரு சொல்.
கேட்ட நடத்துநர் தலையசைத்துவிட்டு
அடுத்த ஆளிடம் போய்விடுவார்.
கிழவனிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்:
"ஸ்டாஃப்."

துடுப்புக்குப் பக்கத்தில்
தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருப்பான் அவன்.
இந்நேரம் இரண்டு பேரும்
கடைசி டிரிப் எத்தனை மணிக்கு என்று
சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பதினாறு முடிந்து
அச்சகம் போக வண்டி ஏறினேன்.
அந்த ரூபாயை எங்காவது
செலவழித்துவிட வேண்டும் எனக்கு.
நடத்துநர், மீசை சரியாக முளைக்காத பையன்,
நீட்டிய கையைப் பார்க்கவேயில்லை.
"லேடீஸுக்குக் காசு இல்லக்கா."
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து
விரலிடுக்கில் சொருகிவிட்டுப் போனான்.

யானைக்கல் பாலத்தில் வண்டி ஊர்ந்தது.
உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது காசு.
ஒன்று என்ற எண்ணின் ஓரத்தில்
இன்னும் கொஞ்சம் சந்தனம்.
கீழே வைகை.
ஆகாயத்தாமரை, ஒரு எருமை,
மழை மறந்துவிட்டுப் போன குட்டை.
படகுக்கு வேலையில்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
யாரோ ஒருவன்
நடந்தே கடந்துகொண்டிருந்தான்.